மதுரையிலிருந்து தேக்கடிக்கு கேம்பர் வேனில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு மதுரைப் பக்கமிருந்து குடும்பத்தோடு கேம்பர் வேனில் போக நினைப்பவர்களுக்காக எழுதியது இது. நான்கு பேர், இரண்டு இரவு, டெம்போ டிராவலர் அளவுள்ள வண்டி என்று வைத்துக்கொண்டு கணக்குகளைப் போட்டிருக்கிறோம். ஆள் கூடினால் கணக்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வண்டியைக் காட்டுக்குள்ளேயே நிறுத்தி இரவு தூங்க முடியுமா?

முடியாது. முதலில் இதைத்தான் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் பூங்காவுக்குள்ளேயே வண்டியை நிறுத்தி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் குமுளி வந்ததும் ஏமாந்துபோகிறார்கள். இது 925 சதுர கிலோமீட்டர் புலிக்காடு. படகுத் துறைவரைகூடச் சொந்த வண்டியில் போக முடியாது. ஆனவச்சாலில் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும்.

ஆகவே உங்கள் வேன் காட்டுக்கு வெளியே, குமுளியிலோ கீழே கூடலூர்ப் பக்கமோ நிற்கும் ஒரு வீடு. பகலில் வனத்துறை ஏற்பாடு செய்யும் படகு, நடைப்பயணம், மூங்கில் தெப்பம். இரவில் வண்டியில் தூக்கம். காட்டுக்குள்ளேயே ஒரு இரவு தங்க வேண்டும் என்று ஆசை இருந்தால் வனத்துறையே நடத்தும் கூடார முகாம் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை குளிர்ச்சியும் இருக்கும், மழைத் தொல்லையும் குறைவு. மிருகங்களைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் மார்ச், ஏப்ரல். காட்டுக்குள் ஓடைகள் வற்றி, யானைக் கூட்டமும் காட்டெருமையும் மிளாவும் ஏரிக்கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும்.

நாள் பார்க்கும்போது மூன்று விஷயத்தில் கவனம். ஒன்று, சபரிமலை சீசன். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஜனவரி நடுவில் மகரவிளக்கு வரை குமுளிச் சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசை கட்டும். கூட்டம் மிகும் நாட்களில் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்தச் சாலை குறுகல், வளைவுகள் நெருக்கம். உயரமான வேனுக்கு அலைச்சல். இரண்டு, சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் அன்று ஒரு நாள்தான் திறக்கும். குமுளியில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கே மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதால் ஊரைவிட்டு வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடு. மூன்று, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மலைக்கு மேலே தென்மேற்குப் பருவமழை. கீழே ஆண்டிபட்டிக் கணவாயிலிருந்து தேனி வரை பேய்க்காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. பக்கவாட்டில் சுவர்போல் நிற்கும் உயரமான வேனைக் காற்று லேன் மாற்றித் தள்ளும். அந்த மாதங்களில் போயே ஆக வேண்டுமென்றால் கணவாயைக் காலை 8 மணிக்குள் தாண்டுங்கள், 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், எதிரே பஸ் கடக்கும் கணத்தில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நம்பர் பிளேட். நீங்களே ஓட்டுவதற்கென்று வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை யாராவது வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். வாடகை வண்டி மாநிலம் தாண்டுவதால் அதன் பெர்மிட் கேரளத்துக்குச் செல்லுமா என்று உரிமையாளரிடம் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை செக்போஸ்ட்டில் எடுபடாது.

அடுத்து ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று பாருங்கள். கட்டில் நான்கு இருக்கும், பெல்ட்டோடு கூடிய இருக்கை மூன்றே இருக்கும். அப்படியானால் அது மூன்று பேர் வண்டிதான். ஓடும் வண்டியில் கட்டிலில் படுத்துக்கொண்டு வருவது மலைச்சாலையில் உயிருக்கு ஆபத்து. சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் கேரவனை மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்கிறவர்கள் உண்டு. அது நின்ற இடத்தில் உட்கார்ந்து மேக்கப் போடுவதற்கான வண்டி. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு காட் ரோடு ஏறுவதற்கு உகந்ததல்ல.

லைசென்ஸைப் பொறுத்தவரை, இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக, கார் மட்டுமே ஓட்டிப் பழகியவர் நேராக மலை ஏறக் கூடாது. முதல் நாளே வண்டியை வாங்கி நத்தம் சாலையிலோ ரிங் ரோட்டிலோ 40 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது, திரும்பும்போது வால் எவ்வளவு வெளியே வீசுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

வண்டியின் மொத்த உயரத்தைக் கூரையில் இருக்கும் ஏ.சி., சோலார் பலகை எல்லாம் சேர்த்து அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவிடுங்கள். பெட்ரோல் பங்க் கூரை, விடுதி வளைவு, தாழத் தொங்கும் கேபிள் வயர் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

சொந்த வேனைக் கேம்பராக மாற்றிக்கொள்ளலாமா?

கழற்றி மாட்டக்கூடிய மெத்தை, பெட்டி, கையடக்க அடுப்பு என்றால் சிக்கலில்லை. இருக்கையை எடுத்துவிட்டுக் கட்டில் அடிப்பது, கூரையை அறுப்பது, உடலமைப்பை மாற்றுவது என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் மாற்றிய வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்கப் போனால் அதுவே முதல் கேள்வியாக வரும்.

எந்த வழி, எவ்வளவு நேரம்?

நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி; அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப், குமுளி. சுமார் 140 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம். வேனுக்கு நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம் வையுங்கள். தேனிக்கு அப்பால் ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலைகள் வந்துவிட்டதால் கடைத்தெருவில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இப்போது குறைவு.

காலை 5 மணிக்குக் கிளம்பினால் உசிலம்பட்டியைச் சந்தை நெரிசலுக்கு முன்பே தாண்டி, 8 மணிக்குக் கம்பம் பக்கத்தில் சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடலாம். டீசலைக் கூடலூரிலேயே நிரப்புங்கள். கேரளத்தைவிட இங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. சுமை ஏற்றிய டிராவலர் லிட்டருக்கு 9 முதல் 11 கிலோமீட்டர் தரும். போக வர, அங்கே சுற்ற என 320 கிலோமீட்டர் என்று வைத்தால் 35 லிட்டர்.

லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. வண்டிக்கும் ஆட்களுக்கும் அரை மணி ஓய்வு கொடுக்க நல்ல இடம். 1895இல் அந்த மனிதர் கட்டி முடித்த அணையால் தேங்கிய தண்ணீர்தான் நீங்கள் மேலே படகில் போகப்போகும் ஏரி. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர்கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, தேனியருகே வைகையில் சேர்ந்து, மதுரையில் நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. மலைச்சாலையில் ஏறும்போது அந்தப் பெரிய இரும்புக் குழாய்கள் கண்ணில் படும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மலை ஏறும்போதும் இறங்கும்போதும் என்ன கோளாறு வரும்?

கம்பம் பள்ளத்தாக்கு சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குமுளி சுமார் 900 மீட்டரில். இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி லோயர்கேம்ப்புக்கும் குமுளிக்கும் நடுவில் உள்ள ஆறேழு கிலோமீட்டரில் வந்துவிடுகிறது.

ஏறும்போது வருவது இன்ஜின் சூடு. வெப்பமானி முள் நடுவைத் தாண்டியதும் ஏ.சி.யை நிறுத்துங்கள். அப்படியும் ஏறினால் ஹீட்டரை முழுக்கத் திருப்புங்கள். உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துவிடும். அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, பானட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். கொதிநீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கும்.

இறங்கும்போது வருவது பிரேக். ஆபத்து அதிகம் இதில்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய லாரிக்காரர்கள் சொல்லும் கணக்கு, இன்றும் அதுவே சரி. இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்தி, வேகத்தை 10 கிலோமீட்டர் குறைத்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். பெடலில் கால் வைத்தபடியே இறங்கினால் பிரேக் தகடு காய்ந்து, ரப்பர் கருகுவதுபோல வாடை வரும். அடுத்த ஐந்து நிமிடத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. வாடை வந்த உடனே ஒதுக்கி நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். தானாக ஆறட்டும்.

திரும்பும் நாளில் தண்ணீர்த் தொட்டியைக் குமுளியிலேயே காலி செய்துவிடுங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அந்தச் சுமையைச் சுமந்துகொண்டு இறங்குவதில் லாபம் ஒன்றுமில்லை.

இரவு வண்டியை எங்கே நிறுத்துவது?

குமுளியில் பெரிய வளாகம் உள்ள ஹோம்ஸ்டே, ரிசார்ட்டுகளிடம் முன்கூட்டியே போனில் பேசி இடம் வாங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்து வருவது. ஒரு அறையை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியையும் நிறுத்திக்கொள்கிறோம் என்றால் பலரும் சம்மதிப்பார்கள். குளியலறை, கழிவறை, கரண்ட் மூன்றும் ஒரேயடியாகத் தீரும், வயதானவர்கள் அறையில் படுத்துக்கொள்ளலாம். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, வாகமனில் கேரவன் பூங்காவும் வந்திருக்கிறது. குமுளியிலிருந்து ஒரு நாள் நீட்டினால் அங்கே போகலாம்.

போனில் பேசும்போது ஐந்து கேள்வி கேளுங்கள். கேட் அகலம் 3 மீட்டர் இருக்கிறதா. கேட்டுக்கு மேல் வளைவோ வயரோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. நிறுத்தும் இடம் சமமா, சரிவா. தரை கப்பியா, மண்ணா. 15 ஆம்ப் பிளக் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது. 'எல்லாம் இருக்கு சார், வாங்க' என்று பதில் வந்தால் வாட்ஸ்அப்பில் கேட்டின் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்டில்தான் கதை முடியும்.

மழைக்குப் பின் மண் தரையில் நிறுத்தவே வேண்டாம். அந்த ஊர் மண் ஊறிவிட்டால் பின்சக்கரம் காலைக்குள் நான்கு விரல் இறங்கிவிடும்.

வண்டி சமமாக நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, சமையல் மேடையில் படுக்கவையுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் உயரம். எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒன்றரை அங்குலக் கனப் பலகையை வைத்து மெல்ல ஏற்றுங்கள். குமிழி நீளவாக்கில் பரவி நின்றால் சரி. அப்புறம் ஹேண்ட்பிரேக், முதல் கியர், சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை. சிறிய சரிவு மிச்சமிருந்தால் தலைப்பக்கம் மேடாக வரும்படி படுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். நான்கு பேருக்கு 12. சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் 15. கைகால் முகம் கழுவ ஆளுக்கு 4 என்று 16. ஆக ஒரு நாளைக்கு 43 லிட்டர். இரண்டு நாளைக்கு 86. தங்கும் இடத்தில் மீண்டும் நிரப்பிக்கொள்ள முடியுமென்றால் மதுரையிலிருந்து 50 லிட்டரோடு கிளம்பினால் போதும். குளியல் இந்தக் கணக்கில் இல்லை, அது அறையில்.

குடிதண்ணீரைத் தொட்டியில் சேர்க்காமல் தனிக் கேன்களில் வையுங்கள். படகுத் துறைக்குப் போகும்போது எவர்சில்வர் பாட்டில். காப்பகத்துக்குள் பிளாஸ்டிக் கூடாது.

கழிவுநீரை எங்கே கொட்டுவது?

வழியில் எங்கும் கொட்டக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே என்று லோயர்கேம்ப் பாலத்துக்குப் பக்கத்தில் வால்வைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறு எங்கே போகிறது என்று மேலே சொன்னோம். கம்பத்திலும் தேனியிலும் மதுரையிலும் அதைத்தான் குடிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கழுவும் தொட்டியில் தேநீர் வடிகட்டி ஒன்றை வைத்துச் சோற்றுப் பருக்கையைப் பிடித்துவிட்டால் கழிவுத் தொட்டி நாறாது. எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தொட்டி நிறைந்ததும் தங்கும் இடத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் வடிகாலில் விடுங்கள்.

கையடக்கக் கழிவறைப் பெட்டி 20 லிட்டர் கொள்ளும். நான்கு பேர் இரவுக்கு மட்டும் பயன்படுத்தினால் இரண்டு நாள் தாங்கும். செப்டிக் டேங்க்கோடு இணைந்த மேல்நாட்டுக் கழிவறையில் மெல்லச் சாய்த்து ஊற்றி, ஒரு வாளி தண்ணீர் விடுங்கள். காற்றுப் போகும் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தைத் தவிருங்கள். செப்டிக் டேங்க்கில் கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும், அடுத்த முறை அந்த வீட்டுக்காரர் கேம்பர் வேன் என்றாலே கேட்டைச் சாத்துவார். நுண்ணுயிர் வகை மருந்து கிடைக்கிறது.

பேட்டரி ஒரு இரவு தாங்குமா? ஏ.சி. போடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 வாட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540 வாட்-மணி. 15 வாட் விசிறி இரண்டு, 8 மணி நேரம்: 240. எல்.இ.டி. விளக்கு நான்கு, தலா 5 வாட், 4 மணி நேரம்: 80. போன்களுக்கு 60. மொத்தம் 920.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியில் இருப்பது 1,800. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும், ஆகவே கையில் இருப்பது 900. ஒரு நாளைக்குச் சரியாகப் போகும், இரண்டாம் நாள் சார்ஜ் வேண்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 1,280 இருக்கும்; அதில் ஆயிரத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், எடையும் மூன்றில் ஒரு பங்குக்குள்தான்.

200 வாட் சோலார் மதுரை வெயிலில் நாளொன்றுக்கு 700, 800 வாட்-மணி கொடுக்கும். குமுளியில் மேகமும் மர நிழலும் சேர்ந்தால் பாதிகூட வராது. மதுரையிலிருந்து போகும் வழியில் இன்ஜின் சார்ஜ் செய்துவிடும். மேலே போனதும் பிளக் போட்டுவிடுங்கள்.

ஒரு டன் ஏ.சி. ஓடும்போது ஆயிரம் வாட் இழுக்கும். பேட்டரியில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். குமுளியில் இரவுக்கு அது தேவையும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் கம்பளி கேட்கும். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்குவது கூடவே கூடாது. புகை உள்ளே வந்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

வெளி பிளக்கில் இணைக்கும்போது?

மூன்று கம்பி, 2.5 சதுர மில்லிமீட்டர், 20 மீட்டர் வயர். சுருளை முழுவதும் பிரித்துத் தரையில் பரப்ப வேண்டும். சுருட்டியபடியே கெட்டிலும் ஹீட்டரும் போட்டால் சுருளின் நடுவில் சூடேறி உறை உருகும். வண்டியில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும், இணைத்ததும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த இரவு பேட்டரியோடு சமாளியுங்கள். ஈரக் காலோடு வண்டியின் தகரத்தைத் தொடும்போது சுள்ளென்றால் எர்த் இல்லை. உடனே மெயினை அணையுங்கள்.

கேஸ் சிலிண்டர் கொண்டுபோகலாமா?

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. விதியை மீறி உள்ளே வைத்திருந்த சிலிண்டர்தான் காரணம். ஒன்பது பேர் போனார்கள். நாலு பக்கமும் அடைத்த இடத்தில் கேஸ் என்ன செய்யும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையில் தண்ணீர்போலத் தேங்கும், கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டி வண்டியின் உட்புறத்திலிருந்து முழுக்க அடைபட்டு, அடிப்பக்கம் வெளியே துளையோடு இருக்க வேண்டும். 14.2 கிலோ வேண்டாம். 5 கிலோ போதும். ஒரு பர்னர் முழுத் தீயில் மணிக்கு 150 முதல் 200 கிராம் வரைதான் எரிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் சமைத்தாலும் இரண்டு நாளில் ஒரு கிலோ தாண்டாது.

வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட வேண்டும். ஒவ்வொரு முறை மாட்டியதும் சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். எங்கள் பரிந்துரை, அடுப்பை வெளியே மடக்கு மேசையில் வைத்துச் சமைப்பது. காற்றுக்கு மறைப்பாக மூன்று பக்கம் தகரம் வையுங்கள். மழை பெய்தால் அன்றைக்கு ஓட்டல்.

என்ன சமைப்பது?

முதல் நாள் புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் வீட்டிலிருந்தே வரட்டும். இட்லி மாவு கொண்டுபோகிறவர்கள் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. மதுரை வெயிலில் புளிக்கத் தொடங்கிய மாவு, மலையின் குலுக்கலில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். ஃபிரிட்ஜுக்குள் அது காய்ந்து ஒட்டினால் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம். குமுளிக் குளிரில் மாவு சீக்கிரம் புளிக்காது என்பதால் மதுரையிலேயே புளிக்கவைத்துக் குளிரவைத்த மாவுதான் வசதி.

துவரம் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போட்டால் கேஸும் நேரமும் மிச்சம். திரும்பும்போது கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்காமல் வராதீர்கள்.

குரங்கு, யானை பற்றிப் பயப்பட வேண்டுமா?

குரங்கு நிச்சயம் வரும். கூரை ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தால் போதும். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி படகுத் துறையில் நடக்காதீர்கள். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும்.

யானைக்கு அரிசி வாடை எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு அரிக்கொம்பன் ஒன்று போதும். சின்னக்கானலில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற அந்த யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில்தான் விட்டார்கள். ஒரு மாதத்தில் அது மலை இறங்கிக் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது. காட்டை ஒட்டிய தோட்டத்தில் அரிசி மூட்டையோடு வேனை நிறுத்தித் தூங்குவது எவ்வளவு பெரிய தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கிலோ அரிசி, இறுக்கமாக மூடும் டப்பாவில். சாப்பிட்ட மிச்சத்தை இரவு வெளியே வைக்காதீர்கள். வாழைப்பழமும் பலாப்பழமும் வண்டியில் வேண்டவே வேண்டாம்.

இருட்டியபின் மலைச்சாலையில் ஓட்டாதீர்கள். யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், பெரிய விளக்கைப் போடாமல், தூரத்திலேயே நின்று வழிவிடுங்கள்.

தேக்கடியில் எதற்கு முன்பதிவு வேண்டும்?

படகு தினமும் ஐந்து நடை: காலை 7.30, 9.30, 11.15, பிற்பகல் 1.45, 3.30. ஒன்றரை மணி நேரச் சவாரி. முதல் நடைதான் சிறந்தது. பனி விலகும் நேரத்தில் கரையில் மிருகங்கள் நிற்கும். இணையத்தில் முன்பே பதிந்துவிடுங்கள், அடையாள அட்டை எடுத்துப்போங்கள். 2009இல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் கொக்கி மாட்டிப் போடுங்கள். மிருகம் தெரிந்தது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். அப்படி ஓடுவதுதான் படகைச் சாய்க்கும்.

இரண்டாவது நாளை மூங்கில் தெப்பப் பயணத்துக்கோ நடைப்பயணத்துக்கோ ஒதுக்குங்கள். தெப்பம் என்றால் காலையிலிருந்து மாலை வரை முழு நாள், பாதி நடை, பாதி துடுப்பு. இரவு தங்கும் 'டைகர் டிரெயில்' முகாமும் இருக்கிறது. ஒருகாலத்தில் இதே காட்டில் வேட்டையாடி, பட்டை உரித்துக் கடத்தியவர்கள் இன்று வனத்துறையோடு சேர்ந்து வழிகாட்டிகளாக நடத்துவது அது. ஒரு காலடித் தடத்தைப் பார்த்து எந்த மிருகம், எத்தனை மணிக்குப் போனது என்று அவர்கள் சொல்வதைக் கேட்பதற்காகவே போகலாம். இடம் ஐந்தாறு பேருக்குத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

அட்டைக் கடிக்கு?

மழை மாதங்களில் நிச்சயம் ஏறும். நடைப்பயணத்தில் முழங்கால்வரை வரும் துணி உறை கொடுப்பார்கள், பேண்ட்டை அதற்குள் விட்டுக் கட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் நுழைத்து நெம்புங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம். வேனுக்குள் ஏறுவதற்கு முன் ஷூவைக் கழற்றித் தட்டிவிடுங்கள், மெத்தையில் ஏறிவிட்டால் இரவெல்லாம் தேட வேண்டும்.

தேக்கடிக்குப் பதில் மூணாறு, இரவிகுளம் போகலாமா?

போகலாம், ஆனால் வேனுக்குக் கடினம். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு குட்டி போடும் காலமென்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். அங்கேயும் உள்ளே சொந்த வண்டி போகாது. குறிஞ்சிப் பூவுக்காகவென்றால் கடைசியாகப் பூத்தது 2018, அடுத்தது 2030. கொடைக்கானல் பக்கம் திரும்பினால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம்.

வீடு திரும்பியதும் என்ன செய்ய வேண்டும்?

அன்றே சோம்பல் பார்க்காமல் தொட்டிகளைக் காலி செய்து, குழாய்களைத் திறந்துவைத்து, எல்லா ஜன்னலையும் ஒரு நாள் வெயிலில் திறந்து போடுங்கள். மலை ஈரத்தோடு மெத்தையை மூடிவைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை. தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் சோடா கரைத்து ஊற்றி, வண்டியை நாலு தெரு ஓட்டிவிட்டு வந்து வடித்துவிடுங்கள். டயர் பள்ளங்களில் சிக்கிய கூழாங்கல்லை ஸ்க்ரூடிரைவரால் எடுங்கள். பிரேக் வாடை ஒருமுறையாவது வந்திருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து அதில் மலை ஏறுவது இன்னொரு குடும்பம்.